சுமை குறைந்தால் நாதம் குறையுமா?

“மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது” என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பழமொழிகள் பெரும்பாலும் மெய்யாகவே இருக்கும். ஆயினும் கைப்பணம் கொடுத்து ஒரு பொருளை வாங்கப் புறப்படுபவன் பழமொழியை மட்டும் நம்பிப் புறப்படுதல் தகாது. சிறியதொரு பெட்டி பெரியதொரு பெட்டியின் வேலையைச் செய்யுமா, செய்யாதா என்பதை அவன் ஆராய்ந்தே அறிதல் வேண்டும். அத்தகைய ஆராய்ச்சி ஒன்றுக்குக் களுபோவிலையில் ஒரு மாடிவீட்டின் படிக்கட்டு காரணமாயிற்று.

அவ்வீட்டில் வாழ்பவர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர். வயது அறுபத்தெட்டு. அவருடைய பெயர் இங்கு வேண்டியதில்லை. அவரைப் போன்ற இசைஞர் பலருடைய இடர்ப்பாட்டை விளக்க அவர் ஓர் எடுத்துக்காட்டாக நிற்கின்றார். சிறுவனாயிருந்த காலத்தில் இலங்கை வானொலியில் ஒலித்த இசைத்தட்டுகளிலே ஹவாயன் கிற்றாரின் நாதத்தைக் கேட்டு மயங்கியவர். இளமையில் மடியில் வைத்து வாசிக்கும் கிற்றாரைப் பயின்றார். ஓய்வு பெற்றபின், ரொறன்ரோவில் வாழும் மகன் பெடல் ஸ்டீல் கிற்றார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதனுடன் சேர்த்து வாசிப்பதற்குப் பழைய இசைக்குழு ஒன்று விற்ற வால்வு அம்பிளிபயரை முன்னரே வாங்கி வைத்திருந்தார். 1963இல் அமெரிக்காவில் அறிமுகமான ‘ட்வின் ரிவேர்ப்’ வகையைச் சேர்ந்தது அது. அதன் ஆற்றல் 85 உவாற்று. நிறை ஏறத்தாழ 29 கிலோகிராம்.

ஒரு மூட்டை அரிசியை இரு கைகளாலும் தழுவிக்கொண்டு பதினெட்டுப் படிகள் இறங்குவதை ஒத்தது அதனைத் தூக்கிச் செல்வது. கிற்றாரோ அதன் பெட்டியுடன் சேர்ந்து இருபது கிலோகிராமை எட்டும். இரண்டையும் முச்சக்கர வண்டியில் ஏற்றிக் காலி வீதி வழியே வெள்ளவத்தைக்குப் போவது ஒருவாறு இயலும். கோட்டையையும் புறக்கோட்டையையும் கடந்து கொட்டாஞ்சேனைக்குப் போய், அங்கு மீண்டும் இறக்கி, நிகழ்ச்சி முடிந்தபின் இரவில் மீண்டும் ஏற்றி, வீடு வந்து பதினெட்டுப் படிகளையும் ஏறுவது எங்ஙனம்? கடந்த ஆண்டு இடுப்பில் ஒரு பிடிப்பு ஏற்பட்டது. மருத்துவர் பாரம் தூக்கலாகாது என்றார். அதன்பின் வந்த இரண்டு அழைப்புகளை அவர் மறுத்துவிட்டார். விரல்கள் நன்றாக இருந்தன. செவி நன்றாக இருந்தது. வாசிக்கும் விருப்பமும் குறையவில்லை. இரும்பின் பாரம் ஒன்றே இசையை வீட்டுக்குள் சிறைவைத்தது.

அம்பிளிபயர் இன்றி வாசித்தாலென்ன என்று சிலர் கேட்கலாம். வீணையும் வயலினும் தம் மரக்குடத்தின் வலிமையால் ஒலிப்பன. பெடல் ஸ்டீல் கிற்றாருக்கோ குடமே கிடையாது. நான்கு கால்களின்மேல் நிற்கும் மரப்பலகை ஒன்றில் பத்து உலோகத் தந்திகள் பூட்டப்பட்டிருக்கும். தந்திகளின் அதிர்வை அவற்றின் அடியிலுள்ள காந்தச் சுருள் மின்னாக மாற்றும். அம்மின்னைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்போதே நாதம் பிறக்கின்றது. ஆதலால் அம்பிளிபயர் இக்கருவிக்குத் துணையன்று. கருவியின் சரிபாதி எனலாம். வீணைக்குக் குடம் எதுவோ, இதற்கு அம்பிளிபயர் அது.

இவ்வுறவு தொடக்கத்திலிருந்தே உள்ளது. ஹவாய்த் தீவுகளில் லாயி என்னும் ஊரைச் சேர்ந்த யோசப் கெக்குகு என்பவர், 1880களின் பிற்பகுதியில், கிற்றாரின் தந்திகளை விரலால் அழுத்துவதற்குப் பதிலாக உருக்குத் துண்டொன்றை அவற்றின்மேல் வழுக்கி வாசிக்கும் முறையை வளர்த்தவர் எனப் போற்றப்படுகின்றார். அம்முறை உலகெங்கும் பரவியது. ஆயின் பெரிய மண்டபங்களில் அதன் மெல்லிய ஒலி பின்வரிசைக்கு எட்டவில்லை. 1930களின் தொடக்கத்தில் யோர்ஜ் போஷாம்ப், அடொல்ப் ரிக்கன்பாக்கர் ஆகியோர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கிற்றார், பொரிக்கும் சட்டியைப் போன்ற வடிவுடைய ஹவாயன் கிற்றாராகவே இருந்தது. வணிகத்தில் வெற்றி கண்ட முதல் மின்கிற்றார் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிற்றார் என்பதை இன்று பலர் அறியார்.

அந்நாதம் தென்னாசியாவுக்கும் வந்தது. ஹவாய் இசைக்குழுவுடன் உலகஞ் சுற்றிய தாவு மோ என்னும் கலைஞர் 1940களில் கல்கத்தாவில் பல ஆண்டுகள் தங்கி வாசித்தார். பின்னர் வான் ஷிப்லே முதலியோர் திரைப்பாடல் மெட்டுகளை மின்கிற்றாரில் இசைத்தட்டுகளாக்கினர். தமிழ்ச் செவிகளுக்கோ இந்த வழுக்கு நாதம் முற்றிலும் புதியதன்று. மெட்டுகள் அற்ற தண்டியில் மரத்துண்டை வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியம் தமிழ்நாட்டில் வளர்ந்த கருவியே. திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அதனை மேடையில் உயர்த்தியவர்கள். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்லும் கமகத்தைக் கேட்டுப் பழகிய ஒருவர், ஸ்டீல் கிற்றாரைக் கேட்கும்போது அது குரலைப் போலவே பாடுகின்றது என வியப்பது இயல்பு.

மடிக்கிற்றாருக்கு மிதிகளைப் பூட்டிய பின்னரே பெடல் ஸ்டீல் கிற்றார் தோன்றியது. 1953இல் பட் ஐசக்ஸ் என்னும் அமெரிக்கக் கலைஞர், ஒலித்துக்கொண்டிருக்கும் தந்திகளின் சுருதியை மிதியை அழுத்தி மாற்றிய ஒலிப்பதிவு ஒன்று இக்கருவியின் போக்கையே மாற்றியது. இன்று கால்கள் மிதிகளை அழுத்தும். முழங்கால்கள் நெம்புகளைத் தள்ளும். இடக்கை உருக்குத் துண்டை வழுக்கும். வலக்கை தந்திகளை மீட்டும். வலக்காலுக்கு மட்டும் தனியொரு பணியுண்டு. அது ஒலியளவு மிதியின்மேல் இருக்கும்.

அந்த மிதியின் பணியை விளங்கிக்கொண்டாலே தக்க அம்பிளிபயர் எது என்பதும் விளங்கும். மீட்டிய தந்தியின் ஒலி முதற்கணத்தில் உரத்து எழுந்து, பின் சிறிது சிறிதாகத் தேய்ந்து மறையும். ஸ்டீல் கிற்றார் வாசிப்பவர் மீட்டும்போது மிதியைப் பாதியளவிலேயே வைத்திருப்பார். ஒலி தேயத் தேய மிதியைக் கீழே அழுத்துவார். தந்தி இழப்பதை மிதி ஈடுசெய்யும். கேட்பவருக்குச் சுரம் தேயாமல் நீண்டு நிற்பதாகத் தோன்றும். வயலினின் வில் செய்யும் வேலையை இங்கு வலக்கால் செய்கின்றது.

ஆகவே அம்பிளிபயரில் எப்போதும் ஒரு சேமிப்பு இருத்தல் வேண்டும். சம்பளத்தை முதல் வாரத்திலேயே செலவிட்டவர் கடைசி வாரத்தில் கைபிசைவது போல, பாதி மிதியிலேயே தன் ஆற்றல் முழுவதையும் இறைத்துவிட்ட அம்பிளிபயர், மிதி கீழே செல்லும்போது கொடுக்க ஒன்றுமின்றித் திகைக்கும். அதனினும் கொடியது, மிதி கீழே இருக்கும்போது மூன்று தந்திகளைச் சேர்த்துப் புதிதாக மீட்டுவது. அக்கணத்தில் எழும் திடீர் ஒலியைத் தாங்க இயலாத அம்பிளிபயர் கரகரக்கும். சில வகை மின்கிற்றார்களில் அக்கரகரப்பையே இசையாகக் கொள்வர். ஸ்டீல் கிற்றாரிலோ அது பாடகரின் தொண்டை உடைவதை ஒத்தது. பதினைந்து உவாற்றில் மகிழும் சாதாரண கிற்றார்க்காரர் இருப்பர். ஸ்டீல் கிற்றார்க்காரர் நூறும் இருநூறும் கேட்பது உரத்து வாசிப்பதற்காக அன்று, தெளிவாக வாசிப்பதற்காக.

இத்தகைய ஆற்றல் முன்னாளில் பாரத்துடன் பிறந்தது. அதற்குக் காரணம் ட்ரான்ஸ்போமர் என்னும் மின்மாற்றி. சுவரிலிருந்து வரும் மின் ஒரு வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைவது. இவ்வளவு மெதுவாக அலையும் மின்னை மாற்றுவதற்குப் பெரிய இரும்பு அகணியும் நீண்ட செப்புக் கம்பிச் சுற்றுகளும் தேவை. வால்வு அம்பிளிபயரில் அத்தகைய மின்மாற்றி ஒன்றன்று; மின்னை வாங்குவதற்கு ஒன்று, ஸ்பீக்கருக்குக் கொடுப்பதற்கு ஒன்று. அவற்றுடன் காந்தங் கனத்த இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்தால் 29 கிலோகிராம் ஆவதில் வியப்பில்லை.

இக்காலத்து இலேசான அம்பிளிபயர்கள் இரண்டு வழிகளில் அப்பாரத்தைக் களைந்துள்ளன. முதலாவது, சுவர்மின்னை நேர்மின்னாக்கி, அதனை ஒரு வினாடிக்கு ஓரிலட்சம் தடவை அளவில் வெட்டி அலையச் செய்வது. 50 எங்கே, ஓரிலட்சம் எங்கே! இரண்டாயிரம் மடங்கு விரைவாக அலையும் மின்னுக்கு உள்ளங்கையில் அடங்கும் மின்மாற்றி போதும். இரண்டாவது, ‘டி வகுப்பு’ எனப்படும் பெருக்கும் முறை. பழைய முறையில் திரான்சிஸ்டர்கள் பாதி திறந்த குழாயைப் போல மின்னை நெரித்துக் கொடுக்கும். நெரிபட்ட ஆற்றல் வெப்பமாகும். அவ்வெப்பத்தை அகற்றக் கனத்த அலுமினியத் தகடுகள் வேண்டும். டி வகுப்பில் அவை முற்றாகத் திறந்தும் முற்றாக மூடியும் மிக விரைவாக இயங்குவதால், வாங்கும் மின்னில் பத்தில் ஒன்பது பங்கு வரை ஸ்பீக்கருக்குச் செல்லும். தகடும் சிறிது, பெட்டியும் சிறிது.

ஸ்பீக்கர் இல்லாமல், பெருக்கும் பகுதி மட்டும் தனிப்பெட்டியாக வருவதை இசைக்காரர் ‘ஹெட்’ என்பர். சில உற்பத்தியாளர் ஸ்டீல் கிற்றாரை மனத்திற்கொண்டே இத்தகைய ஹெட்டுகளைச் செய்கின்றனர். அமெரிக்காவில் பற் குயில்ட்டர் 2011இல் தொடங்கிய நிறுவனத்தின் 200 உவாற்று ஹெட் ஏறத்தாழ இரண்டு கிலோகிராம் நிறையுடையது. சான் பிரான்சிஸ்கோவில் தாமே பெடல் ஸ்டீல் வாசிப்பவரான ரிம் மார்க்கஸ், மில்க்மான் என்னும் பெயரில், முன்பகுதியில் ஒரு வால்வும் பின்பகுதியில் டி வகுப்பும் கொண்ட 100 உவாற்றுச் சிறுபெட்டி ஒன்றை உருவாக்கியுள்ளார். ஒரு பாடசாலைப் பையில் புத்தகங்களுடன் வைத்துக்கொண்டு போகலாம்.

இவ்வளவும் களுபோவிலை முதியவருக்கு முதலில் தெரியாது. இலேசானது ஒன்று வேண்டும் என்று மட்டுமே எண்ணினார். புறக்கோட்டையில் ஒரு கடையில், ‘400 உவாற்று’ என்று முகப்பில் பொறித்த மலிவான சிறுபெட்டியை வாங்கிவந்தார். மார்கழியில் கொட்டாஞ்சேனைத் தேவாலயம் ஒன்றில் நத்தார்க் கீதங்களுக்கு வாசிக்க அழைத்தார்கள். மகிழ்ச்சியுடன் சென்றார். படியிறங்கியபோது இடுப்பு நோகவில்லை. பாடற்குழு பாடி நிறுத்தியதும் கிற்றார் தனித்து ஒலிக்கவேண்டிய இடம் வந்தது. உருக்குத் துண்டு மேலே வழுக்கியது. வலக்கால் மிதியை அழுத்தியது. நீண்டு மலரவேண்டிய சுரம் நடுவிலேயே கிழிந்தது. அத்துடன் பெட்டியினுள்ளே சுழன்ற விசிறியின் இரைச்சல் அமைதியான தேவாலயத்தில் முன்வரிசைக்குக் கேட்டது. ஒருவரும் குறை கூறவில்லை. குறை கூறாத சபையின் முன்னே தலைகுனிவதே கலைஞனுக்குப் பெருந்துன்பம்.

மறுநாள் மகன் தொலைபேசியில் அழைத்தான்.

“அப்பா, நல்லது ஒன்றை நானே வாங்கி அனுப்புகிறேன். எத்தனை உவாற்று வேண்டும் என்று சொல்லுங்கள்.”

“உவாற்றை நம்பித்தான் தம்பி, நேற்று வெட்கப்பட்டேன். மீட்டின சுரம் கடைசிவரைக்கும் உடையாமல் நிற்கவேண்டும். அதற்கு எது வேண்டுமோ அதைக் கேட்டுச் சொல்.”

அந்த மறுமொழியிலேயே முழு விடயமும் அடங்கியிருக்கின்றது. அயலில் மின்கருவிகளைத் திருத்தும் இளைஞர் ஒருவர் அதனை விரித்து விளக்கினார்.

முதலாவது, எழுதப்பட்ட உவாற்றும் கிடைக்கும் உவாற்றும் ஒன்றல்ல. கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் தரக்கூடிய உச்ச ஆற்றலை முகப்பில் எழுதுவோர் உளர். இடையறாது தரக்கூடிய ஆற்றல் எவ்வளவு, எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு அதனைத் தரும் என்னும் இரண்டையுமே பார்த்தல் வேண்டும். 4 ஓமில் 200 உவாற்றுத் தரும் ஹெட், 8 ஓம் ஸ்பீக்கரில் அதன் பாதியளவே தருவது வழக்கம். அதற்காக, குறிக்கப்பட்ட கீழெல்லையினும் குறைந்த ஓமுடைய ஸ்பீக்கரைப் பூட்டினால் ஹெட் பழுதுபடும்.

இரண்டாவது, உவாற்றை இரட்டிப்பதால் ஒலி இரட்டிப்பதில்லை. ஆற்றல் இருமடங்கானால் ஒலிமட்டம் 3 டெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு இருமடங்காகத் தோன்றவேண்டுமாயின் ஏறத்தாழப் பத்துமடங்கு ஆற்றல் வேண்டும். ஸ்பீக்கர்களோ தமக்குள் வேறுபடுவன. ஒரு உவாற்றுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 97 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை விடுத்து 100 டெசிபெல் தரும் ஸ்பீக்கரைத் தேர்வது, அம்பிளிபயரை இருமடங்காக்குவதற்குச் சமம். ஹெட்டுக்கு இறைக்கும் பணத்தில் ஒரு பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குவது அறிவுடைமை. நியோடிமியக் காந்தமுள்ள ஸ்பீக்கர் பழைய காந்தமுள்ளதனினும் மிக இலேசானது. ‘ஈ9’ என்னும் வழக்கமான சுருதியமைப்பில் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 123 ஹேர்ட்ஸில் ஒலிப்பதால், 12 அங்குல ஸ்பீக்கர் போதும். ‘சி6’ அமைப்பின் தாழ்ந்த தந்திகளை வாசிப்பவர் 15 அங்குலத்தை விரும்புவர்.

மூன்றாவது, நுழைவாயில். கிற்றாரின் காந்தச் சுருளிலிருந்து வரும் மின் நொய்தானது. அதனை வாங்கும் வாயிலின் தடை பத்திலட்சம் ஓம் அளவில் இருந்தால் சுருளின் ஒளி மங்காது. பாடகரின் மைக்கும் இசைப்பெட்டியும் பூட்டும் சாதாரண வாயிலில் கிற்றாரை நேரே பூட்டினால், மேற்சுரங்கள் மங்கிப் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். கொட்டாஞ்சேனையில் ஏற்பட்ட குறையில் இதற்கும் பங்குண்டு.

நான்காவது, நடுச்சுரங்களைத் தனியே குறைக்கும் வசதி. ஸ்டீல் கிற்றார்க்காரர் பலர் 800 ஹேர்ட்ஸ் அயலிலுள்ள ஒலியைச் சற்றுத் தணித்துக்கொள்வர். அவ்விடத்தில் மிகுந்தால் மூக்கால் பாடுவது போலக் கேட்கும். உயர்சுரங்கள் செவியைக் குத்தாமலும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

ஐந்தாவது, மண்டபத்து ஒலியமைப்புக்கு இணைப்புக் கொடுக்கும் வாயில். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபம், பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம் போன்றவை நிகழ்ச்சிகளுக்குப் பழகிய இடங்கள். பெரிய மண்டபங்களில் சபைக்கு ஒலியைக் கொண்டுசெல்வது அங்கு அமைக்கும் ஒலிபெருக்கிகளே. மேடையில் உள்ள ஸ்பீக்கர் வாசிப்பவருக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் கேட்டால் போதும். ஆகையால் மண்டபம் முழுவதையும் நிரப்பும் பாரத்தைக் களுபோவிலையிலிருந்து சுமந்து செல்லவேண்டியதில்லை.

ஆறாவது, இந்நாட்டு மின்னுக்கு ஏற்றதா என்பது. இலங்கையில் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். வட அமெரிக்காவில் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். கனடாவில் வாங்கும் ஹெட்டின் முதுகில் 100 முதல் 240 வோல்ற்று வரை என்று எழுதியிருந்தால் கவலையில்லை. மாற்றும் ஆளி இருந்தால் முதலில் அதனை 230க்குத் திருப்பிய பின்னரே பூட்டல் வேண்டும். 120 என்று மட்டும் எழுதியிருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்றைத் தனியே வாங்கிச் சுமக்கவேண்டும்.

“இரும்பை முன்வாசலால் அனுப்பிவிட்டுப் பின்வாசலால் திரும்பக் கூப்பிடுவது போலாகும், ஐயா” என்று இளைஞர் கூறியபோது முதியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

இவற்றோடு ஒரு குறையையும் அவ்விளைஞர் மறைக்கவில்லை. பழைய வால்வு அம்பிளிபயரில் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும். பழுதுபட்ட ஒன்றைக் கழற்றி வேறொன்றைப் பற்றவைக்கலாம். இலேசான ஹெட்டில் உறுப்புகள் கடுகளவினவாய் நெருங்கி ஒட்டப்பட்டிருக்கும். பழுதுபட்டால் முழுப்பலகையையே மாற்றும்படி நேரிடலாம். அப்பலகை கொழும்பில் கிடைக்குமென்று உறுதியில்லை. கடற்காற்றின் உப்பும் ஈரமும் அயலிலே உள்ள ஊரில், வேலை முடிந்ததும் ஹெட்டை மூடிய பையில் ஈரமுறிஞ்சும் பொதியுடன் வைப்பது நன்று. ஆகவே புதியதை வாங்குபவர் பழையதை அவசரப்பட்டு விற்றல் வேண்டா. வீட்டில் நின்று பழகுவதற்கும் ஆபத்தில் உதவுவதற்கும் அது இருக்கட்டும்.

இலேசான ஹெட்டுக்கு மற்றொரு நன்மையும் உண்டு. 2022 மார்ச் மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். வால்வு அம்பிளிபயர் ஒரு சுரமும் வாசிக்காமல் சும்மா இருக்கும்போதே மின்னை உண்டு வெப்பமாக்கும். டி வகுப்பு ஹெட் பெரும்பாலும் வாசிக்கும் அளவுக்கே மின்னை வாங்கும். மின்கலத்தில் இயங்கும் மின்வழங்கி ஒன்றின் துணையால் சிறியதொரு பிரார்த்தனைக் கூட்டத்தை அது நடத்திவைக்கவும் கூடும்.

இவ்வளவும் அறிந்தபின் முதியவர் ஒரு சோதனை செய்யாமல் எதனையும் ஏற்பதில்லை என்று முடிவுசெய்தார். இச்சோதனை யாவர்க்கும் பயன்படும். இசைக்குழு நடத்தும் நண்பர் ஒருவரிடம் 200 உவாற்று ஹெட் ஒன்று இருந்தது. அதனிடம் அவர் தம் சொந்தக் கிற்றாரையும் சொந்த மிதியையும் கொண்டுசென்றார். பிறர் கருவியில் கேட்டுப் பார்ப்பது பிறர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பதை ஒக்கும். மிதியைப் பாதியில் வைத்து நிகழ்ச்சிக்கு வேண்டிய ஒலியை அமைத்தார். மிதியை முழுவதும் அழுத்தி மூன்று தந்திகளை வலிமையாக மீட்டினார். கரகரப்பு இல்லை. பின்னர் ஒரே தந்தியை மீட்டி, அது தேயத் தேய மிதியை மெல்ல இறக்கிப் பத்து வினாடி வரை எண்ணினார். சுரம் நின்றது. இறுதியில் தந்தியைக் கையால் அமர்த்தி, மிதியைத் திறந்தபடியே விட்டு, மௌனத்தைக் கேட்டார். விசிறி இல்லை, மெல்லிய சீறல் மட்டும் கேட்டது. நாதத்தைச் சோதிப்பவர் மௌனத்தையும் சோதித்தல் வேண்டும்.

“பழைய வால்வின் இனிமை இதில் முழுதாக இருக்கிறதா, ஐயா?” என்று நண்பர் கேட்டார்.

முதியவர் உடனே விடை கூறவில்லை. மீண்டும் ஒருமுறை மீட்டிப் பார்த்தார். “முழுதாக என்று சொல்லமாட்டேன். தாழ்சுரத்தில் அந்தத் தடிப்புக் கொஞ்சம் குறைவு. ஆனால் வீட்டில் இருக்கும் இனிமையைச் சபை கேட்கிறதில்லையே” என்றார்.

மகன் அதே வகை ஹெட்டை அனுப்பினான். நியோடிமியக் காந்தமுள்ள 12 அங்குல ஸ்பீக்கரை இலேசான பலகைப் பெட்டியில் பூட்டியபோது அது பத்துக் கிலோகிராம் அளவில் அமைந்தது. 29 கிலோகிராமின் இடத்தில் பன்னிரண்டு. அதுவும் இரண்டு கைகளுக்குப் பங்கிட்ட பன்னிரண்டு. கிற்றாரை மட்டும் அயல்வீட்டுப் பையன் தூக்கிக் கொடுக்கின்றான்.

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்னும் பழமொழி பொய்யாகவில்லை. ஆனால் சிறிய மூர்த்திகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தவும் இல்லை. முகப்பில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்கிய சிறுபெட்டி சபை நடுவே கைவிட்டது. மிதியையும் மௌனத்தையும் கொண்டு சோதித்து வாங்கிய சிறுபெட்டி கைகொடுத்தது. இரண்டுக்குமிடையே நிறையில் வேறுபாடு மிகச் சிறிது. வேறுபாடெல்லாம் தேர்ந்தவருடைய கேள்வியில் இருந்தது. முதன்முறை அவர், எது இலேசு என்று கேட்டார். மறுமுறை, சுரம் முடியுமட்டும் எது உடன்நிற்கும் என்று கேட்டு, அப்படி நிற்பவற்றுள் இலேசானதைத் தேர்ந்தார்.

சித்திரையில் வெள்ளவத்தையில் நிகழ்ந்த இசைமாலை ஒன்றில் அவர் வாசித்தார். இறுதிச் சுரத்தை மீட்டி, மிதியை மெல்ல மெல்ல அழுத்தினார். சுரம் மண்டபத்தின் பின்வரிசை வரை சென்று, உடையாமல், தானாகவே தேய்ந்து அடங்கியது. அதன்பின்னரே கைதட்டல் எழுந்தது. அன்றிரவு அவர் ஹெட்டைத் தோட்பையில் இட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, பதினெட்டுப் படிகளையும் நின்று இளைப்பாறாமல் ஏறினார்.